மிருதங்கத்தைச் செய்தது யார்?

ஒரு பொருளுக்கு வடிவம் கொடுப்பது என்றால் என்ன? மனசில் ஒரு எண்ணம் தோன்றுவதிலிருந்து அது கையில் பிடிக்கிற பொருளாக ஆகிற வரைக்கும் நடுவில் என்னென்ன நடக்கிறது? சுதந்திர இந்தியாவில் இந்தக் கேள்வியை அரசாங்கமே எழுப்பியது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியை வரவழைத்தது. அவர்கள் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு 1958இல் ‘இந்தியா ரிப்போர்ட்’ என்ற அறிக்கையைக் கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. இன்றைக்கு வடிவமைப்பு பற்றி இந்தியாவில் பேசுகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள்.

அந்த அறிக்கையில் ஈம்ஸ் தம்பதி மிகவும் வியந்து எழுதியது லோட்டாவைப் பற்றி. நம்ம ஊர் சொம்புதான். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் எப்படி உட்கார வேண்டும், சாய்த்தால் எப்படி ஊற்ற வேண்டும், கழுவுவதற்குக் கை உள்ளே போகுமா, விலை கட்டுமா என்று கேள்விகளாக அடுக்குகிறார்கள். இத்தனைக்கும் விடை சொல்கிற பொருளை ஒரு தனி மனிதர் உட்கார்ந்து வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறைகள் சேர்ந்து செய்தது என்று முடிக்கிறார்கள்.

மரியாதையான பதில்தான். ஆனால் நமக்கு அங்கேதான் கேள்வி தொடங்குகிறது. யாருடைய தலைமுறை? இந்த நாட்டில் தலைமுறைக்குச் சாதி உண்டு. தெரு உண்டு. எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்ற கணக்கு உண்டு. ‘பெயர் தெரியாத கைவினைஞர்’ என்று எழுதுவது கேட்க அழகாக இருக்கிறது. பெயர் தெரியாமல் போனதா, எழுதாமல் விடப்பட்டதா என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

சொம்பை முதலில் வார்த்தவரைத் தேடி இனிப் போக முடியாது. ஆனால் பெயர் தெரிந்த, முகம் தெரிந்த, குடும்பமாகப் பல தலைமுறை வேலை செய்து இன்றைக்கும் தெருவோரப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிற வடிவமைப்பாளர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மிருதங்கம் செய்கிறவர்கள். தஞ்சாவூரிலும் சென்னையிலும் இவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். கர்நாடக சங்கீதத்தின் வரலாறு பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அதில் இவர்களைத் தேடினால், ‘ரிப்பேர்க்காரர்’ என்று எங்காவது ஒரு மூலையில் கிடைப்பார்கள்.

இந்தச் சொல்லை முதலில் உடைக்க வேண்டும். அதற்கு வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்பதுதான் வழி.

*

மிருதங்கத்தின் ‘எண்ணம்’ ஒரு ஓசை. அதைக் காகிதத்தில் வரைந்து கொடுக்க முடியாது. வாசிக்கிறவர் வந்து உட்கார்ந்து, “நாதம் கொஞ்சம் கனமா வேணும்”, “சாப்பு இன்னும் பேசணும்”, “மேல் சுதியில அடைக்குது” என்கிற மாதிரிதான் சொல்லுவார். இந்தப் பேச்சைத் தோலின் தடிமனாகவும், வாரின் இழுப்பாகவும், கரணையின் அளவாகவும் மாற்றிக்கொள்வது செய்கிறவர் வேலை. ஒருவர் காதில் கேட்கிற ஓசையை இன்னொருவர் பொருளாக மொழிபெயர்க்கிறார். வடிவமைப்பின் முதல் படி இதுதான். இதைத் தலையால் செய்யாமல் வேறு எதனால் செய்ய முடியும்?

அடுத்தது கட்டை. பலாமரம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து குடைந்து வரும். மேல் சுதிக்கு 22 அங்குலம், கீழ்ச் சுதிக்கு 24 அங்குலம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நீளம் மட்டும் போதாது. மரத்தின் வயது, கனம், உள்ளே குடைந்த வளைவு, இரண்டு வாயின் அகலம் எல்லாமே ஓசையை மாற்றும். கட்டையைத் தட்டிப் பார்த்தே ‘இது சரிவராது’ என்று தள்ளி வைப்பவர்கள் உண்டு.

பிறகு தோல். பசு, எருமை, ஆடு மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு மிருதங்கம். வலந்தலையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோல் அடுக்கு. மேல்தோலின் நடுவில் வட்டமாக வெட்டி எடுத்திருக்கும். அதற்குள் தெரிகிற தோலின் மேல்தான் கரணை ஏறும். இடந்தலைக்கு வேறு அடுக்கு. இரண்டு தலையையும் இழுத்துப் பிடிக்கிற வார் எருமைத் தோல். தோல் பதனிட்டு வருவதில்லை, பச்சைத் தோல். உப்புப் போட்டு, விரித்து, காயவைத்து, மயிர் வழித்து எடுக்க வேண்டும். மாட்டுக்கு எத்தனை வயது, எத்தனை கன்று போட்டது, எந்த இடத்துத் தோல் எவ்வளவு இழுவை தாங்கும் என்று விரலால் தடவியே சொல்லிவிடுகிற அறிவு இது. நாற்றத்தோடு, இரத்தத்தோடு, ஈயோடு சேர்ந்து வருகிற அறிவு. சங்கீத மேடையில் சந்தன வாசனை வருவதற்கு முன்னால் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கிறது.

தோலை வளையத்தில் கோத்து மூட்டு செய்கிறார்கள். மூட்டைக் கட்டையின் வாயில் வைத்து வாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். ஒரு பக்கம் ஒரு மயிரிழை கூடிப் போனாலும் ஓசை கோணும். கட்டி, தட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டி... இதற்குப் பொறுமை என்று மட்டும் பெயர் வைத்தால் போதாது. ஒவ்வொரு தடவையும் ஏன் கோணியது என்று காரணம் கண்டுபிடித்து அடுத்த தடவை மாற்றுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நடந்தால் இதைச் சோதனை என்று சொல்கிறோம்.

கடைசியில் கரணை. சோறு என்றும் சொல்வார்கள். கருங்கல் மாதிரி இருக்கிற ஒரு இரும்புச்சத்துக் கல்லைப் பொடித்து, வெந்த சோற்றோடு சேர்த்துப் பிசைந்து, மெல்லிய பூச்சாக வைத்துக் கல்லால் தேய்க்கிறார்கள். காய்ந்ததும் அடுத்த பூச்சு. திரும்பத் தேய்ப்பு. பூச்சு பூச்சாக நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து வர வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கரணைக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். அந்த வெடிப்புகள் இருப்பதால்தான் அது கல்லாக இறுகாமல் தோலோடு சேர்ந்து அசைகிறது. மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் வைக்கோல் குச்சி செருகினால் அது குச்சி மிருதங்கம். பொடிக்கல் போட்டால் கப்பி மிருதங்கம். ரெண்டுக்கும் ஓசை வேறு. இடந்தலையில் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுப்பார்கள். எது நிரந்தரமாக ஒட்ட வேண்டும், எது அன்றன்றைக்கு மாற வேண்டும் என்பதுகூட யோசித்து முடிவு செய்த விஷயம்.

வாசிப்பவர் எடுத்துக்கொண்டு போகிறார். நாலு கச்சேரி வாசித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருகிறார். அங்கே ஒரு குறை, இங்கே ஒரு குறை. திரும்ப அவிழ்ப்பு. ஆக, இந்தப் பொருள் ஒரு நாளும் ‘முடிந்த வேலை’ ஆவதில்லை. அது உயிரோடு இருக்கிற வரைக்கும் செய்தவர் கை அதன்மேல் இருந்துகொண்டே இருக்கிறது. இதைத்தான் ‘ரிப்பேர்’ என்று சொல்லிவிட்டார்கள்.

*

இந்த வடிவம் எவ்வளவு பெரிய சாதனை என்று தெரிந்துகொள்ள நாம் சி.வி. ராமனிடம் போகலாம். அவர் 1920இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு குறிப்பு எழுதினார். 1934இல் இந்திய இசைத் தோற்கருவிகள் பற்றி விரிவான கட்டுரை எழுதினார்.

ஒரு வட்டமான தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், அடிப்படை ஓசையோடு வேறு பல ஓசைகளும் கிளம்பும். அடிப்படை 1 என்றால் மற்றவை 1.59, 2.14 என்று ஒட்டாத கணக்கில் இருக்கும். தந்தியில் வருகிற மாதிரி 2, 3, 4 என்று இசைவாக வராது. அதனால்தான் சாதாரணத் தோற்கருவியில் இரைச்சல் கேட்கிறது, சுருதி கேட்பதில்லை. மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவில் கனம் ஏற்றியதால் இந்தக் கணக்கு மாறுகிறது என்று ராமன் காட்டினார். தோலின்மேல் மணல் தூவி அது எப்படி அதிர்கிறது என்று பார்த்தார். ஒன்பது வகை அதிர்வுகள் ஒன்றோடொன்று இழைந்து ஐந்து இசைவான ஓசைகளாகச் சேர்கின்றன என்று கண்டார். தோல் ஒன்று தந்தியைப் போலப் பாடுகிறது!

இந்தக் கணக்கைச் சமன்பாட்டில் எழுதியவர் ராமன், அதில் சந்தேகமில்லை. அந்தக் கணக்கைத் தோலில் போட்டு முடித்தவர்கள் அவருக்குப் பல தலைமுறை முன்னால் இருந்தார்கள். சோற்றையும் கல்லையும் எந்த விகிதத்தில் பிசைவது, எங்கே தடிப்பது, எங்கே மெலிப்பது என்று காதை மட்டும் கருவியாக வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள். ஒரு சிக்கலைப் புரிந்து, வழி தேடி, தோற்று, மாற்றி, முடித்துக் காட்டுவதற்குப் பெயர்தான் வடிவமைப்பு என்றால், உலகத் தோற்கருவிகளிலேயே மிகச் சிக்கலான வடிவமைப்புகளில் ஒன்று தோல் தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்டவர்கள் கையில் வளர்ந்திருக்கிறது.

*

பெயர் இல்லை என்கிற பேச்சுக்கு வருவோம். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பெயரைக் கேள்விப்படாத சங்கீத ரசிகர் இருக்க முடியாது. 1966இல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. மிருதங்கம் வாசித்த ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பாட்டுக்காரருக்குப் பின்பாட்டாக இருந்த தாளத்துக்கே மேடையில் மரியாதை வர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அந்த மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. செபாஸ்டியன் என்பவரின் வழியில் வந்த குடும்பம். பர்லாந்தும் மணி ஐயரும் சேர்ந்து நாதத்தைத் தேடிய கதையும், அந்தக் குடும்பத்தாரும் மற்றவர்களும் தஞ்சாவூர், சென்னை, பாலக்காட்டுப் பக்கத்துப் பெருவெம்பா என்று பல இடங்களில் செய்த வேலையும் 2020இல்தான் ஒரு முழு நூலாக வந்தது. டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’. பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த ஒரு பாடகர் எழுதித்தான் நம் ஆட்களின் பெயர் அச்சில் வர வேண்டியிருந்தது என்பது அவருக்குப் பெருமை, தமிழ்ச் சமூகத்துக்கு வெட்கம்.

அந்த நூலுக்கு என்ன நடந்தது என்பதையும் வரலாற்றில் எழுதிவைக்க வேண்டும். வெளியீட்டுக்கு இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, நூலின் ஒரு பகுதி நாளேட்டில் வந்த பிறகு அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சர்ச்சைக்குரிய விஷயங்களும் அரசியல் தொனியும் இருக்கின்றன என்று காரணம் சொன்னது. கடைசியில் 2020 பிப்ரவரி 2 அன்று சென்னை ஆசிய இதழியல் கல்லூரியில் வெளியீடு நடந்தது. ராஜ்மோகன் காந்தியும் தொல். திருமாவளவனும் கலந்துகொண்டார்கள்.

என்ன சர்ச்சை? மிருதங்கத்தில் மாட்டுத் தோல் இருக்கிறது என்பது சர்ச்சை. அதை அறுக்கிறவர் ஒருவர், உரிக்கிறவர் ஒருவர், மூட்டு செய்கிறவர் ஒருவர் என்பது சர்ச்சை. தோல் பூஜை அறைக்குள் போகலாம். தோலைத் தொட்டவர் வாசலில் நிற்கணும். இந்த ஏற்பாடு இவ்வளவு காலம் ஓடியதற்கு ஒரே காரணம், நடுவில் நடக்கிற வேலையைப் பற்றி யாரும் பேசாமல் இருந்ததுதான். எண்ணத்திலிருந்து பொருள் வரைக்கும் போகிற பாதையை முழுசாகச் சொன்னால் புனிதம் நிற்காது. அதனால்தான் பாதையை மறைத்துவிட்டு, ஒரு முனையில் மேதையையும் மறுமுனையில் வாத்தியத்தையும் மட்டும் காட்டுகிறார்கள்.

*

இந்த மறைப்பு நேற்று வந்ததில்லை. தமிழ் படித்தவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். ஆடல் ஆசிரியன், இசையாசிரியன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை முதல்வன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியும் வரிசையாக வருகிறது. அரங்கம் எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்று அளவும் வருகிறது. அளந்து கட்டிய மேடைக்கு இடம் இருக்கிற அந்த வரிசையில், தண்ணுமைக்குத் தோல் போர்த்தியவருக்கு இடம் இல்லை.

அதற்கும் முன்னால் புறநானூறு 82. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது. இத்தனைக்கும் நடுவில் கட்டிலுக்கு வார் பிணைக்கிறார் ஒருவர். அவர் கையில் ஊசி ஓடுகிற வேகத்தைப் போருக்கு உவமையாகச் சொல்கிறார் புலவர். எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்! கை தெரிந்திருக்கிறது, ஊசி தெரிந்திருக்கிறது, அவசரம் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த மனிதரைக் குறிக்கப் புலவருக்குக் கிடைத்த சொல் ‘இழிசினன்’. திறமையை உவமையாக எடுத்துக்கொள்வது, ஆளை இழிவாக ஒதுக்குவது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்யக் கற்றுக்கொண்ட சமூகம் இது. அதே புறநானூற்றில் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நாலு குடிகளைப் பெருமையோடு சொல்வதும் நமக்குத் தெரியும். அந்தப் பெருமை எப்படித் தொலைந்தது என்பது தனியாக எழுத வேண்டிய வரலாறு.

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குவது என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதினார். மிருதங்கத்தை வைத்துக்கொண்டு இதை வாசித்தால் இன்னொன்றும் புரிகிறது. அந்த அடுக்கு ஒரே படைப்பை நடுவில் வெட்டுகிறது. கேட்பது, யோசிப்பது, செய்வது, சரிபார்ப்பது எல்லாம் ஒரே ஓட்டமாக நடக்கிற வேலை. அதில் ‘யோசிப்பு’ என்று ஒரு துண்டை வெட்டி எடுத்து மேலே இருப்பவருக்குக் கொடுத்தாயிற்று. மிச்சத்துக்குக் ‘கைவேலை’ என்று பெயர் வைத்துக் கீழே தள்ளியாயிற்று. மேலே போனதற்குப் பட்டம். கீழே வந்ததற்குக் கூலி.

சமீப காலத்தில் கண்ணாடியிழைக் கட்டையும் செயற்கைத் தோலும் வைத்து மிருதங்கம் வந்திருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளர் கே. வரதரங்கன் உருவாக்கிய கருவி அதில் ஒன்று. அவர் உழைப்பைக் குறை சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது, பொறியாளர் ஒருவர் கருவியின் வடிவத்தை மாற்றினால் அவர் கண்டுபிடிப்பாளர். அதே கருவியின் ஓசையைத் தலைமுறை தலைமுறையாக மாற்றி மாற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் ரிப்பேர்க்காரர்கள். செயல் ஒன்றுதான். பெயரைத் தீர்மானிப்பது செய்தவர் எங்கே பிறந்தார் என்பது.

*

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: “அப்போ குலத்தொழிலைப் பெருமைப்படுத்தச் சொல்றியா? தோல் வேலையை விட்டு வெளியே வரத்தானே இவ்வளவு போராட்டம்?” நியாயமான கேள்வி. தோல் நாற்றத்தைக் கவிதையாக்கி நம்மை அதிலேயே உட்கார வைக்கிற தந்திரம் நமக்குப் புதிது இல்லை. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். தமிழகமே எதிர்த்தது, 1954இல் அது கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோதும், குடும்பத்தில் வழிவழியாக அந்தத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. வெவ்வேறு காலம், ஒரே பொறி. கைவினையைப் புகழ்வது போலப் புகழ்ந்து பிள்ளையைக் கட்டிப்போடுவது.

பறை விஷயத்தில் இதே விவாதம் நம் இயக்கங்களுக்குள் பலமாக நடந்தது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டவர்கள் இருந்தார்கள். அதையே விடுதலையின் குரலாக மேடையில் ஏற்றியவர்களும் இருந்தார்கள். ரெண்டு பேரும் கேட்டது ஒன்றைத்தான்: அடிப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு பண்ணுவோம்.

மிருதங்கத்துக்கும் அதுதான். செய்கிறவரின் மகள் பொறியியல் படிக்கப் போனால் யாரும் ‘கலை அழியுது’ என்று ஒப்பாரி வைக்கக் கூடாது. கலை அழியும் என்று உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையை மூட்டு செய்யக் கற்றுக்கொள்ள அனுப்பட்டும். வாசிக்கக் கற்றுத் தருகிற பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே பிள்ளைகளைச் சேர்க்க வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் தோல் வழிக்கக் கற்றுக்கொள்ள முன்வருவார்கள்? எதிர்ப்பக்கமும் கேளுங்கள். மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறக்கிறது என்று தெரிந்த அந்தப் பட்டறைகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் சபா மேடையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை சொல்கிற நாளில்தான் சங்கீதத்தில் சாதி இருக்கிறதா இல்லையா என்று விவாதம் செய்யலாம்.

அதுவரைக்கும் செய்ய வேண்டிய வேலை நம்மிடம் இருக்கிறது. கச்சேரியில் பாடகர், வயலின், மிருதங்கம் என்று அறிவிக்கும்போது மிருதங்கம் செய்தவர் பெயரையும் அறிவிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒலிப்பதிவுகளிலும் அந்தப் பெயர் இருக்க வேண்டும். இசைக் கல்லூரிப் பாடத்தில் கருவி செய்முறை இடம்பெற வேண்டும், அதை நடத்துகிற ஆசிரியராக அந்தத் தொழிலாளியே வர வேண்டும், ஆசிரியருக்கு உள்ள சம்பளத்தோடு. கல் தேய்த்துத் தேய்த்து முதுகும் தோளும் போகிறவர்களுக்கு மருத்துவமும் ஓய்வூதியமும் வேண்டும். நம் மாணவத் தோழர்கள், குறிப்பாகத் தமிழ் படிக்கிறவர்கள், ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். பட்டறைக்குப் போங்கள். ஒவ்வொரு தோலுக்கும், ஒவ்வொரு கட்டுக்கும், ஒவ்வொரு ஓசைக்கும் அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எழுதி எடுங்கள். எந்தத் தவறிலிருந்து எதைக் கற்றார்கள் என்று கேளுங்கள். யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள்.